துறைமுக வாசலில் நெருப்பு

ஐஸ்லாந்தின் தென்கடலில் ஹெய்மே என்றொரு சிறு தீவு. எரிமலைகள் எழுப்பிய தீவுதான். ஆனால் ஊரை ஒட்டி நின்ற ஹெல்காஃபெல் மலை சுமார் 5,000 ஆண்டுகளாக வாய் திறக்கவில்லை. ஏறக்குறைய 5,300 பேருக்கும் துறைமுகம்தான் சோறு போட்டது. 1973 ஜனவரி 22 அன்று கடலில் புயல். தொழிலுக்குப் போகாமல் படகுகளெல்லாம் கரையிலேயே கட்டிக் கிடந்தன. அந்தப் புயல்தான் ஊர் உயிரைக் காப்பாற்றப் போகிறது என்று யார் கண்டது!

நள்ளிரவு கடந்து 2 மணி ஆகப்போகும் நேரம். ஊரின் கிழக்கு ஓரத்தில் தரை பிளந்தது. சுமார் 1,600 மீட்டர் நீளத்துக்கு நெருப்பு திரையாக எழுந்தது. தூக்கத்திலிருந்து எழுந்தவர்கள் கைக்குக் கிடைத்ததோடு துறைமுகத்துக்கு ஓடினார்கள். அங்கே மொத்தப் படகுகளும் காத்திருந்தன! சில மணி நேரத்தில் ஊரே காலியானது. ஆட்கள் தப்பிவிட்டார்கள். ஆனால் எரிமலைக் குழம்பு துறைமுக வாயை நோக்கித் திரும்பியது. அது அடைபட்டால், திரும்பி வந்தும் பிழைக்க வழியில்லை.

தோர்பியோர்ன் சிகுர்கெய்ர்சன் என்ற இயற்பியலாளர் ஒரு யோசனை சொன்னார்: கடல்நீரைப் பீய்ச்சுவோம், குழம்பின் முகப்பு இறுகிக் கல்லானால், பின்னால் வருவதை அதுவே தடுக்கும். பிப்ரவரியில் சிறிய அளவில் தொடங்கினார்கள். ஆவி மண்டிய குழம்பின் மேலேயே நடந்துபோய்க் குழாய் பதித்தார்கள். 1,000 டிகிரிக்கு மேல் கொதிக்கும் குழம்பின் மீது பிளாஸ்டிக் குழாய்! உள்ளே குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது உருகவில்லை. நின்றால் போச்சு. இந்தக் கதையில் மனத்தை விட்டு அகலாத காட்சி இதுதான்.

மார்ச் கடைசியில் குழம்பு மறுபடி பொங்கி, தெருத் தெருவாக வீடுகளை விழுங்கியது. அமெரிக்காவிலிருந்து பெரிய பம்புகள் வந்து சேர்ந்தன. மொத்தம் 60 லட்சம் கன மீட்டருக்கு மேல் கடல்நீர் இறைத்தார்கள். ஜூலை 3 அன்று, எரிமலை அடங்கிவிட்டது என்று அறிவித்தார்கள். சுமார் 400 வீடுகள் போயிருந்தன. துறைமுகம்?

வாய் குறுகியிருந்தது, மூடவில்லை. அதுமட்டுமா? முன்பு கிழக்குக் காற்றும் அலையும் நேரே உள்ளே வந்து மோதும். இப்போது அந்தத் திசையில் இறுகிய குழம்பு கருஞ்சுவராக எழுந்து நின்றது. துறைமுகத்தை அழிக்க வந்ததே அதற்கு அலைத்தடுப்பாகிவிட்டது. குழம்பின் உள்ளே ஆறாமல் கிடந்த சூட்டைக் குழாய் வழியே எடுத்து, ஊர் திரும்பியவர்கள் பல ஆண்டுகள் வீடுகளுக்குக் கதகதப்பூட்டினார்கள். இன்றும் ஹெய்மேயின் மீன்பிடிப் படகுகள் அந்தக் கருஞ்சுவரை உரசுவதுபோல் திரும்பித்தான் கடலுக்குப் போகின்றன.