32 சதம்: லோரன்ஸ் மில்களில் 1912

அமெரிக்கத் தொழிலாளர் வரலாறு என்றால் எங்களுக்கு மே தினம், சிக்காகோ, தூக்குமேடை. அதோடு சரி. வருசா வருசம் மேடையில் அதையேதான் கேட்கிறோம். ஆனால் அந்த நாட்டில் பெண்களும் பிள்ளைகளும் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போன இடம் துணி மில்கள். 1834இலேயே, பிறகு 1836இலும், மசாசுசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நகரத்தில் மில் பெண்கள் தறிகளை விட்டுத் தெருவில் இறங்கியிருக்கிறார்கள். இவற்றைப் பற்றி நாங்கள் கதைக்கிறது குறைவு. இந்தக் கட்டுரை லோவெலுக்குப் பக்கத்தில், அதே மெரிமாக் ஆற்றங்கரையில் இருக்கிற லோரன்ஸ் என்ற ஊரைப் பற்றியது.

லோரன்ஸ் மில்லுக்காகவே கட்டப்பட்ட ஊர். 1910இல் சனத்தொகை கிட்டத்தட்ட 86,000. அதில் மிகப் பெரும்பான்மையானோர் ஒன்றில் வெளிநாட்டில் பிறந்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். இத்தாலியர், போலந்துக்காரர், லிதுவேனியர், சிரியர், பெல்ஜியர் என்று ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒவ்வொரு பாஷை. மில்களில் பெரும்பங்கு அமெரிக்கன் வூலன் கம்பனியுடையது, அதன் தலைவர் வில்லியம் வூட். ஒரு தொழிலாளியின் சராசரிக் கூலி வாரத்துக்கு 9 டொலரும் வராது. உலகத்துக்குக் கம்பளித் துணி நெய்து கொடுத்த ஊரில், நெய்தவர்களிடம் பனிக்காலத்துக்கு ஒழுங்கான கோட் இல்லை.

பிரச்சினை தொடங்கியது ஒரு நல்ல சட்டத்தால் என்பதுதான் வேடிக்கை. பெண்களும் பிள்ளைகளும் வாரத்துக்கு 56 மணித்தியாலம் வேலை செய்ததை 54 ஆக மாநில அரசு குறைத்தது. 1912 ஜனவரி 1ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. இரண்டு மணித்தியாலம் குறைந்தால் இரண்டு மணித்தியாலக் கூலியும் குறையும் என்று முதலாளிமார் முடிவெடுத்தார்கள். தொழிலாளர்கள் கேட்டபோது தெளிவான பதிலும் சொல்லவில்லை. ஜனவரி 11ஆம் திகதி எவரெட் மில்லில் போலந்துப் பெண்கள் சம்பள உறையைத் திறந்து எண்ணினார்கள். 32 சதம் குறைவு. எங்களுக்கு அது சில்லறை, அவர்களுக்கு அது பல நாள் பாண். தறிகளை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அடுத்த நாள் மற்ற மில்களுக்குள்ளும் "சம்பளம் குறைவு" என்ற சத்தம் ஓடியது. கொஞ்ச நாளுக்குள் 20,000க்கு மேற்பட்டவர்கள் வெளியே.

அப்போது அமெரிக்காவின் பெரிய தொழிற்சங்கச் சம்மேளனத்தோடு இணைந்திருந்த ஐக்கிய துணித் தொழிலாளர் சங்கம் இந்தப் போராட்டத்தை ஆதரிக்கவில்லை. அதன் தலைவர் ஜோன் கோல்டன் வெளிப்படையாகவே எதிர்த்தார். அந்தச் சங்கத்தின் கண் தொழில் தெரிந்த, ஆங்கிலம் பேசுகிற ஆட்களில்தான் இருந்தது. நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய ஒரு சிரியப் பெண்ணை யார் சங்கத்தில் சேர்க்கிறது? "இவர்களை ஒன்றுசேர்க்க முடியாது" என்பது முதலாளியின் கணக்காகவும் இருந்தது, தொழிற்சங்கத் தலைவரின் கணக்காகவும் இருந்தது. இந்த ஒற்றுமையைத்தான் நான் மன்னிக்க முடியாததாக நினைக்கிறேன்.

வந்து உதவியவர்கள் ஐ.டபிள்யூ.டபிள்யூ. என்ற தீவிர சங்கக்காரர். லோரன்ஸில் அவர்களுக்கு அப்போது சில நூறு உறுப்பினர்தான். நியூயோர்க்கிலிருந்து வந்த ஜோசப் எட்டோர், இத்தாலியக் கவிஞர் ஆர்துரோ ஜொவன்னிற்றி இருவரும் செய்த முதல் வேலை கூட்டம் போட்டு முழங்கியதில்லை, ஒரு கொமிற்றி அமைத்தது. ஒவ்வொரு இனத்துக்கும் நான்கு பிரதிநிதிகள், மொத்தம் 56 பேர். தினமும் கூடினார்கள். ஒருவர் பேசியது வரிசையாக எல்லா மொழியிலும் போகும். எவ்வளவு நேரம் எடுத்திருக்கும், யோசித்துப் பாருங்கள்! கூட்டம் நீளுகிறது, மொழிபெயர்க்க நேரமில்லை என்று சாட்டுச் சொல்லுகிற அமைப்புகளை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 20,000 பேர் பட்டினியில் இருக்கும்போது இவர்களுக்கு நேரம் இருந்திருக்கிறது. நிவாரணமும் அப்படித்தான், அந்தந்தச் சமூகம் தன் சமையலறையைத் தானே நடத்தியது. பிரெஞ்சு பேசிய பெல்ஜியர்களிடம் ஏற்கனவே ஒரு கூட்டுறவுக் கடை இருந்தது பெரிய கைகொடுப்பு.

மில் வாசலில் கூடி நிற்பதைப் பொலிஸ் தடுத்தது. சரி, நிற்காமல் நடப்போம் என்றார்கள். மில் பகுதியைச் சுற்றிக் கைகோத்தபடி ஆயிரக்கணக்கானோர் ஓயாமல் நடந்தார்கள். சங்கிலி மாதிரி, தொடக்கமும் முடிவும் இல்லாத வரிசை. முன்வரிசையில் பெண்கள்.

அரசு ஆயுதப்படையை இறக்கியது. ஹாவர்ட் மாணவர்கள் சிலரும் அதில் துவக்குத் தூக்கினார்கள். ஊரில் டைனமைட் அகப்பட்டது என்று பத்திரிகைகள் அலறின, பழி தொழிலாளர் தலையில். பிறகு பார்த்தால் அதை வைத்தவர் உள்ளூர்ப் பிரமுகர் ஜோன் பிரீன். தண்டனை 500 டொலர் அபராதம், அவ்வளவுதான். வில்லியம் வூட்டையும் வழக்கில் நிறுத்தினார்கள், அவர் விடுதலையானார். ஜனவரி 29ஆம் திகதி அன்னா லொபிற்சோ என்ற தொழிலாளி சுடப்பட்டு இறந்தாள். அப்போது வேறொரு பகுதியில் கூட்டத்தில் இருந்த எட்டோரையும் ஜொவன்னிற்றியையும் கொலைக்கு உடந்தை என்று பிடித்து உள்ளே போட்டார்கள். அடுத்த நாள் ஜோன் ரேமி என்ற சிரிய இளைஞன் படையினரின் பயனெற் குத்தில் இறந்தான்.

தலைவர்கள் உள்ளே போனால் போராட்டம் படுத்துவிடும் என்று நினைத்தார்கள். பில் ஹேவுட்டும், 21 வயது எலிசபெத் கேர்ளி ஃபிளினும் வந்து பொறுப்பெடுத்தார்கள். இத்தாலியில் வேலைநிறுத்தக்காரர் செய்கிற ஒரு வழக்கம் இங்கே வந்தது: பசியில் இருக்கிற பிள்ளைகளை வேறு ஊர்த் தோழர்களின் வீடுகளுக்கு அனுப்புவது. பெப்ரவரி 10ஆம் திகதி 119 பிள்ளைகள் நியூயோர்க் போய் இறங்கினார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. முதலாளிமாருக்கு இது துவக்குச் சூட்டை விடப் பெரிய தலையிடி. பெப்ரவரி 24ஆம் திகதி பிலடெல்பியாவுக்குப் போக நின்ற பிள்ளைகளையும் தாய்மாரையும் ரயில் நிலையத்தில் வைத்துப் பொலிஸ் அடித்து இழுத்துப் போனது. நாடு முழுக்கக் கொதித்தது. சில நாட்களுக்குள் வாஷிங்டனில் காங்கிரஸ் விசாரணை தொடங்கியது. ஜனாதிபதியின் மனைவி ஹெலன் டாஃப்டும் வந்து இருந்து கேட்டார்.

அங்கே சாட்சி சொன்ன ஒரு சிறுமி கமெல்லா தியோலி, வயது 14. 4 டொலர் கொடுத்து வயதுப் பத்திரம் எடுத்துத்தான் அவளை மில்லுக்கு அனுப்பியிருந்தார்கள். வேலைக்குப் போய்க் கொஞ்ச நாளில் இயந்திரம் தலைமயிரைப் பிடித்து, உச்சந்தோலைப் பிய்த்துவிட்டது. ஏழு மாதம் ஆஸ்பத்திரியில். சிகிச்சைச் செலவைக் கம்பனி கொடுத்தது, அந்த மாதங்களின் சம்பளத்தைக் கொடுக்கவில்லை. ஏன் வேலைநிறுத்தத்துக்குப் போனாய் என்று கேட்டார்கள். வீட்டில் சாப்பிடப் போதாது என்றாள்.

மார்ச் 12ஆம் திகதி அமெரிக்கன் வூலன் கம்பனி இறங்கி வந்தது. 14ஆம் திகதி தொழிலாளர் பொதுத்திடலில் கூடி ஏற்றுக்கொண்டார்கள். மிகக் குறைந்த கூலி எடுத்தவர்களுக்கே கூடிய சதவீத உயர்வு. நியூ இங்கிலாந்தின் வேறு மில்களும் பயத்திலேயே கூலியைக் கூட்டின. எட்டோரும் ஜொவன்னிற்றியும் நவம்பரில் விடுதலையானார்கள்.

இடையில் ஒரு திருத்தம். இந்தப் போராட்டத்தைப் "பாணும் ரோசாவும்" வேலைநிறுத்தம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பெயரில் ஜேம்ஸ் ஒப்பன்ஹைம் எழுதிய கவிதை 1911 டிசம்பரிலேயே, போராட்டத்துக்கு முன்பே, அச்சில் வந்துவிட்டது. பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

வென்ற பிறகு நடந்ததை மேடைகளில் யாரும் சொல்வதில்லை. ஐ.டபிள்யூ.டபிள்யூ. முதலாளியோடு ஒப்பந்தம் எழுதுவதில்லை என்பதைக் கொள்கையாக வைத்திருந்தது. அடுத்த சண்டை எப்படியும் வரும், அதற்குக் கையைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் வாதம். அழகான வாதம்தான். ஆனால் பேச்சாளர்கள் அடுத்த ஊர்ப் போராட்டத்துக்குப் போய்விட்டார்கள். போராட்டத்தின்போது ஆயிரக்கணக்கில் சேர்ந்த உறுப்பினர் தொகை 1913 முடிவதற்குள் சில நூறாகச் சுருங்கியது. மந்தநிலை வந்தது, மில்களில் வேகம் கூட்டப்பட்டது, முன்னுக்கு நின்றவர்கள் குறிவைக்கப்பட்டார்கள். 56 பேர் கொமிற்றியை ஒரு நிரந்தர அமைப்பாக மாற்ற யாரும் மினக்கெடவில்லை என்பதுதான் என்னுடைய குறை.

அந்த வெற்றிடத்தில் ஊர்ப் பெரியவர்களும் தேவாலயமும் புகுந்தார்கள். 1912 ஒக்டோபரில் கடவுளுக்கும் நாட்டுக்குமாக என்று ஒரு பிரமாண்ட ஊர்வலம் நடத்தி, வேலைநிறுத்தம் வெளியாட்கள் கொண்டுவந்த அவமானம் என்ற கதையை நிலைநாட்டினார்கள். அதன் பிறகு வீடுகளில் அதைப் பற்றிப் பேச்சு இல்லை.

1970களில் போல் கோவன் என்ற பத்திரிகையாளர் லோரன்ஸுக்குப் போய்க் கமெல்லா தியோலியின் மகளைத் தேடிப்பிடித்தார். தாய் அப்போது உயிரோடு இல்லை. தாய் வாஷிங்டனில் சாட்சி சொன்னது மகளுக்குத் தெரியாது. தாயின் தலையில் மயிர் முளைக்காத ஓர் இடம் இருந்தது மட்டும் தெரியும். அது வெளியே தெரியாதபடி தாய்க்குத் தலைவாரிக் கொண்டை போட்டுவிட்டவளே அந்த மகள்தான்.