வாய் நாற்றமும் மிஸ்வாக்கின் வரலாறும்

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த நபி (ஸல்) அவர்கள் தொடக்கத்தில் தங்கியது அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்களின் இல்லத்தில். நபியவர்களுக்கு உணவு அனுப்பி, அது மீந்து வரும்போது அவர்களின் விரல் பட்ட இடத்தைக் கேட்டறிந்து அங்கிருந்தே உண்பது அபூ அய்யூப் அவர்களின் வழக்கம். ஒருநாள் பூண்டு சேர்த்துச் சமைத்த உணவு தொடப்படாமலே திரும்பி வந்தது. பதறியவராக மேலே ஏறிச் சென்று, "இது ஹராமா?" என வினவினார். ஹராம் அன்று, தமக்கு அது பிடிக்கவில்லை என்றார்கள் நபியவர்கள். வானவரோடு உரையாடுபவர் என்பதால் அந்த வாடையைத் தவிர்த்தார்கள்.

பூண்டும் வெங்காயமும் பச்சையாக உண்டவர் பள்ளிவாசலுக்கு வரவேண்டாம் என்ற கட்டளையையும் இதனோடு சேர்த்தே படிக்க வேண்டும். உணவில் குற்றமில்லை, ஸஃப்பில் தோளோடு தோள் நிற்பவருக்கு நேரும் துன்பமே காரணம். உமர் (ரலி) அவர்கள் தம் இறுதிக்காலத்து ஜும்ஆ உரை ஒன்றில், இவற்றை உண்பவர் நன்கு சமைத்து வாடையைப் போக்கிவிட்டு உண்ணட்டும் என்றார்கள். பச்சைப் பூண்டை நசுக்கும்போது அதிலுள்ள ஒரு நொதி வேலை செய்து கந்தகச் சேர்மங்களை உண்டாக்குகிறது. முழுப் பூண்டை வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். பச்சையாக உண்டாலோ, அச்சேர்மங்களில் ஒன்று இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வெளியேறும். எவ்வளவு பல் துலக்கினாலும் அந்த வாடை சில மணி நேரம் போகாது.

ஆனால் நாள்தோறும் நம்மை வருத்தும் நாற்றம் பூண்டினால் வருவதன்று. பெரும்பாலும் வாய்க்குள்ளேயே பிறப்பது. நாக்கின் பின்பகுதியிலும் ஈறுகளின் இடுக்கிலும் காற்றுப்படாமல் வாழும் பாக்டீரியாக்கள், உணவுத் துணுக்குகளிலும் உதிர்ந்த செல்களிலும் உள்ள புரதத்தைச் சிதைத்துக் கந்தக வாயுக்களை வெளிவிடுகின்றன. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் விடியற்காலையில் இது மிகுகிறது.

இதை மனத்தில் கொண்டு மிஸ்வாக் பற்றிய அறிவிப்புகளுக்குத் திரும்புவோம். இரவில் விழித்தெழுந்ததும் நபியவர்கள் மிஸ்வாக்கினால் வாயைத் தேய்ப்பார்கள் என்கிறார் ஹுதைஃபா (ரலி). வீட்டினுள் நுழைந்ததும் அவர்கள் செய்யும் முதற்காரியம் மிஸ்வாக் செய்வதே என்கிறார்கள் அன்னை ஆயிஷா (ரலி). பள்ளிக்குச் செல்ல வாயைத் தூய்மை செய்யும் நம்மில் எத்தனை பேர், மனைவி மக்களிடம் திரும்பும்போது அதை நினைக்கிறோம்? அபூ மூஸா (ரலி) அவர்களோ, மிஸ்வாக்கின் முனை நபியவர்களின் நாக்கின்மேல் இருந்ததையும், குமட்டுவதுபோல் ஓசை எழுந்ததையும் கண்டு சொல்கிறார். குமட்டல் எழுமளவுக்கு நாக்கின் பின்புறம்வரை தேய்த்திருக்கிறார்கள். இதை வைத்து அன்றே கிருமியியல் அறியப்பட்டிருந்தது என்று வாதிட வேண்டியதில்லை. முன்பற்களை மட்டும் ஒப்புக்குத் தேய்த்துவிட்டுக் குச்சியைச் சட்டைப்பையில் செருகிக்கொள்வது அந்த சுன்னத்தின் பாதிதான் என்பதை உணர்ந்தால் போதும்.

மிஸ்வாக்குக்குப் பெரிதும் பயன்பட்டது அராக் மரத்தின் வேர். தமிழில் உகா எனப்படுவது இம்மரமே. மென்றால் நார்நாராகப் பிரியும் இதன் குச்சியில் கிருமிகளைத் தடுக்கும் பொருள்களும் உண்டு.

குச்சியால் போகாத நாற்றத்துக்கு என்ன செய்வது? இதற்கு விடை தந்தவர்களுள் ஒருவர் அந்தலூஸ் நாட்டு மருத்துவர் அபுல் காஸிம் அல்ஸஹ்ராவி. ஏறத்தாழ கி.பி. 1000-இல் நிறைவுற்ற 'அத்தஸ்ரீஃப்' என்னும் 30 பாகங்கள் கொண்ட அவரது நூலின் இறுதிப் பாகம் அறுவை மருத்துவம் பற்றியது. பற்களின் உள்ளும் புறமும் ஈறுகளின் இடையிலும் படியும் காரை, கறுத்தும் மஞ்சளித்தும் பச்சை படர்ந்தும் ஈறுகளைக் கெடுப்பதை அதில் விவரிக்கிறார். நோயாளியின் தலையை மடியில் வைத்துச் சுரண்ட வேண்டும். ஒரே நாளில் தீராவிடில் அடுத்தடுத்த நாள்களிலும் தொடர வேண்டும் என்கிறார். சுரண்டும் கருவிகளை வரைந்தும் காட்டினார். 12-ஆம் நூற்றாண்டில் இந்தப் பாகம் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பயிலப்பட்டது.

இன்று பல் மருத்துவர் காரை நீக்குவதும் அதே பணிதான். "பல் ஆடிவிடும்" என்று அஞ்சி நம் வீட்டுப் பெரியவர்கள் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். உண்மையில் பல்லை ஆடவைப்பது ஈறு நோய். காரை அதற்கு உறைவிடம். நறுமண வாய்நீரோ வாடையைச் சற்று மறைக்கும், காரையைக் கரைக்காது. பல்லும் ஈறும் நலமாயிருந்தும் நாற்றம் நீங்காவிடில் தொண்டை, மூக்கு, நீரிழிவு ஆகியவற்றையும் மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும்.

ரமளானில் நம் ஊர்களில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. நோன்பாளியின் வாய் வாடை அல்லாஹ்விடம் கஸ்தூரியினும் மேலானது என்பதால், நண்பகலுக்குப் பின் மிஸ்வாக் செய்வது மக்ரூஹ் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்து. நம் கடற்கரை ஊர்களில் பலர் பின்பற்றுவது இதையே. ஹனஃபி மத்ஹபில் நாள் முழுதும் அனுமதி உண்டு. ஷாஃபிஈ அறிஞரான இமாம் நவவி அவர்களே 'அல்மஜ்மூஃ' நூலில், மக்ரூஹ் இல்லை என்ற கருத்தைத் தேர்ந்துள்ளார்கள். எந்தக் கருத்தை ஏற்பவராயினும், ஸஹர் உணவுக்குப் பின் பல்லிடுக்கையும் நாக்கையும் நன்கு துலக்கிவிட்டு நிய்யத் வைக்க எவரும் தடை சொல்லவில்லை.