காவலுக்கும் காவல் வேண்டும்

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பூல் நகரில், 2008-ஆம் ஆண்டில், ஒரு குடும்பம் ஏறத்தாழ மூன்று வாரங்கள் வேவு பார்க்கப்பட்டது. தாயும் பிள்ளைகளும் ஏறிய கார் புறப்பட்டதுகூடக் குறிப்பேட்டில் ஏறியது. வேவுக்கு ஆள் ஏவியது பகைநாட்டு அரசா? அன்று, அவ்வூர் நகராட்சி! பிள்ளைக்குப் பள்ளியில் இடம் பெற, அப்பள்ளிக்குரிய எல்லைக்குள் குடியிருப்பதாகப் பொய் சொன்னார்களோ என்ற ஐயமே காரணம். அவர்கள் கூறியது மெய்யென்று பின்னர் விளங்கிற்று.

2000-ஆம் ஆண்டின் புலனாய்வு அதிகார ஒழுங்குமுறைச் சட்டம் நகராட்சிகளுக்கும் இவ்வதிகாரத்தை அளித்திருந்தது. வேவு தேவைதானா, நோக்கத்திற்கு மிஞ்சியதா என்று ஆராய்ந்தே ஒப்புதல் தர வேண்டுமென்றும் விதித்திருந்தது. ஆனால் ஒப்புதல் தருபவர் யார்? அதே நகராட்சியின் அதிகாரி! கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே வீட்டாரானால், விதி ஏட்டில் உறங்காமல் என் செய்யும்?

அக்குடும்பம் அஞ்சி அடங்கிவிடவில்லை. புலனாய்வு அதிகாரத் தீர்ப்பாயத்தை நாடிற்று. அவ்வேவு சட்டத்திற்கு மாறானது என 2010-இல் தீர்ப்புக் கிடைத்தது. இத்தகைய செயல்கள் கிளப்பிய கண்டனம் வீண் போகவில்லை. 2012 நவம்பர் முதல், இங்கிலாந்திலும் வேல்சிலும் மாஜிஸ்திரேட் இசைந்தாலன்றி நகராட்சி வேவு பார்த்தல் ஆகாது என்றாயிற்று. ஐயுறும் குற்றமும் ஆறு மாதச் சிறைக்கேனும் உரியதாக இருத்தல் வேண்டும். சிறுவர்க்கு மதுவும் புகையிலையும் விற்பது போன்ற சில குற்றங்களுக்கே விலக்கு.

அதிகாரம் நல்லவர் கையில் இருக்கிறதென்று நம்பி உறங்குவது பக்தி. வெளியிலிருந்து ஒருவர் அதனை ‘ஏன்?’ என்று கேட்க வழியுண்டா எனப் பார்ப்பது பகுத்தறிவு. தேரில் வரும் மன்னனைக் கேட்கத் துணிந்த நாம், தெருவிளக்குப் போடும் நகராட்சியையும் அக்கேள்வியிலிருந்து விட்டுவைத்தல் ஆகாது.