கண்டிச் சிறைவாசமும் இரு துணைவினைகளும்

ஆங்கிலத்தில் 'கான்' என்பது 'இயலும்' என்று பொருள்படும் துணைவினை எனப் பள்ளியிலே படித்தோம். அதன் பழம்பொருள் 'அறிதல்' என்பதாகும். உடல்வலிமையைக் குறிக்க அக்காலத்தில் 'மே' என்ற வேறொரு சொல் இருந்தது. நாளடைவில் அறிவைச் சுட்டிய சொல்லே வலிமையையும் தன்வயமாக்கிக்கொண்டது. ஆயினும் நம் மாணவரைப் பெரிதும் இடர்ப்படுத்துவது இறந்தகாலமே. 'குட்', 'வொஸ் ஏபிள் டு' ஆகிய இரண்டில் எதை எங்கே வைப்பது? இலக்கண நூலினும் கண்டி இராச்சியத்தின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

1660ஆம் ஆண்டு, புயலிற் பழுதுற்ற 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக் குடாவிலே தங்கிற்று. அதன் தலைவரையும், பத்தொன்பது வயது நிரம்பிய அவர் மகன் ரொபேட் நொக்ஸையும் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்துச் சென்றனர். மறு ஆண்டில் தந்தை காய்ச்சலால் இறந்தார். மகனோ கண்டிச் சீமைக் கிராமங்களில் உழன்றார். சிங்களம் பேசினார், தொப்பி பின்னினார், நெல்லைக் கடனாகக் கொடுத்தார், பண்டம் சுமந்து விற்றார். தொப்பி ஒன்றைக் கொடுத்து ஆங்கில விவிலியம் ஒன்றை வாங்கியதும் உண்டு. இவை பல்லாண்டு அவரிடம் நிலைத்திருந்த திறமைகள். இவற்றைக் கூறக் 'குட்' பொருந்தும்.

தப்பியோடும் முயற்சியோ வேறு. வடக்கு நோக்கிப் பன்முறை சென்று வழியறிந்து மீண்டார். 1679இல் ஸ்டீபன் றட்லண்ட் என்ற தோழருடன் புறப்பட்டார். அநுராதபுரத்து அயலிலே குடியிருந்த தமிழருக்கு இவர்களுடைய சிங்களம் விளங்கவில்லை; அம்மொழி அறிந்த ஒருவர் வரவேண்டியதாயிற்று. இருபதாண்டு முயன்று கற்ற மொழி, உயிர் ஊசலாடிய அவ்வேளையிலே உதவவில்லை! ஈற்றில், காடு கடந்து, ஒக்டோபரில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தனர்.

ஒரு தடவை முயன்று கைகூடிய இத்தகைய செயலுக்கு 'வொஸ் ஏபிள் டு' வேண்டும். 'குட்' என்றால் ஆற்றல் இருந்தது என்பதே பெறப்படும். காரியம் நிறைவேறியதா என்பது தெளிவாகாது. எதிர்மறையிலே இத்தொல்லை இல்லை. தமிழருக்குச் சிங்களம் விளங்காமைக்கும், முன்னைய முயற்சிகள் கைகூடாமைக்கும் 'குட் நொட்' ஒன்றே போதும்.

இவ்வேறுபாடு நமக்குப் புதிதன்று. 'தப்ப வல்லவராயிருந்தார்' என்பதற்கும் 'தப்ப முடிந்தது' என்பதற்கும் உள்ள இடைவெளியே அது. பேராதனைப் பல்கலைக்கழக மாணவர் பிற்காலத்தில் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்று அழைத்தனர். அவ்வாளுக்கு அஞ்சியே போலும், நம்மவர் சிலர் 'கான் ஏபிள் டு' என இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகின்றனர். இரண்டில் ஒன்றே வேண்டுவது.