இரவு ஒன்பதே காலுக்கு லண்டன்

1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. கொழும்பு அரசின் தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோ கேட்டது. கொழும்பு வானொலி இருந்தது, திருச்சி வானொலி தெளிவாக வந்தது, விடுதலைப் புலிகளின் வானொலியான புலிகளின் குரலும் இருந்தது. ஆனாலும் இரவு 9.15 ஆனால் முள் திரும்பியது பிபிசி தமிழோசைக்கு. கடல் கடந்த ஒரு நாட்டின் அரசுப் பணத்தில் ஓடிய வானொலியை இந்த மக்கள் ஏன் நம்பினார்கள்?

அந்தச் சேவையின் பிறப்பில் ஏகாதிபத்தியத்தின் தேவை இருந்தது. 1941 மே 3ஆம் தேதி, உலகப் போரின் நடுவே, தமிழர்களைப் பிரித்தானியாவின் பக்கம் வைத்திருக்கவே அது தொடங்கியது. அடுத்த ஆண்டே சுபாஸ் சந்திரபோஸ் பிரித்தானியாவுக்கு எதிராக ஜெர்மனியிலிருந்து ஆசாத் ஹிந்த் வானொலியை நடத்தினார். 'செய்தி மடல்' என்றிருந்த நிகழ்ச்சிக்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்தவர், ஈழகேசரியின் ஆசிரியராக இருந்த யாழ்ப்பாணத்தவர் சோ. சிவபாதசுந்தரம். 2014 வரை செலவைக் கொடுத்தது பிரித்தானிய வெளியுறவு அமைச்சு. எந்த மொழியில் ஒலிபரப்புவது என்பதில் அமைச்சுக்கும் பங்கு இருந்தது. செய்தியில் என்ன வரவேண்டும் என்பது ஆசிரியர்களின் பொறுப்பு.

அந்த எல்லை ஏட்டளவில் மட்டும் இருந்ததா? 1982 போக்லாந்துப் போரில் பிபிசி 'நமது படைகள்' என்று சொல்லாமல் 'பிரித்தானியப் படைகள்' என்று சொன்னதற்காகப் பிரதமர் தாட்சர் தரப்பு கொதித்தது. ஆர்ஜென்டினச் சிப்பாய்களுக்குப் பிரசாரம் செய்ய வேண்டியபோது, பாதுகாப்பு அமைச்சு அசென்சன் தீவிலிருந்த பிபிசியின் ஒலிபரப்பி ஒன்றைக் கையகப்படுத்தித் தனி வானொலியே தொடங்க வேண்டியதாயிற்று. பிபிசியின் வாயால் அதைச் சொல்லவைக்க முடியவில்லை என்பதே இதற்குப் பொருள் என்று நான் கொள்கிறேன்.

எந்தச் செய்தியை நம்புவது என்ற சோதனை யாழ்ப்பாணத்துக்கு 1987இல் வந்தது. ஒக்டோபர் 10ஆம் தேதி இந்திய அமைதிப்படை ஈழமுரசு, முரசொலி பத்திரிகைகளின் அச்சகங்களைத் தகர்த்தது. 21ஆம் தேதி, தீபாவளியன்று, யாழ். போதனா வைத்தியசாலைக்குள் படையினர் புகுந்தனர். நோயாளர், டொக்டர்மார், தாதியர் என 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இருதரப்புச் சண்டையில் அகப்பட்டவர்கள் என்றது இந்தியப் படைத் தரப்பு. வார்டுகளில் பிணங்களுக்கிடையே கிடந்து தப்பியவர்கள் ஊருக்குள் இருந்தார்கள். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் ஒப்பிடும் பழக்கம் இப்படித்தான் இங்கே ஊறியது. பிரித்தானியாவுக்கு இந்தப் போரில் நேரடிப் பங்கில்லை என்பதும் தமிழோசைக்குச் சாதகம். அதை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் நம்பிக்கைக்குப் பெரிய காரணம் லண்டனில் இல்லை. இங்கேயே இருந்து செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன் போன்றவர்கள்தான் அது. 2000 ஒக்டோபர் தேர்தல் முறைகேடுகளை அவர் வெளிக்கொண்டுவந்தார். 19ஆம் தேதி இரவு, ஊரடங்கு நேரத்தில், வீட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். இராணுவக் காவலரண்கள் சூழ்ந்த பகுதி அது. இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தமிழோசையை இடையிடையே வெட்டியதால் 2009 பெப்ரவரியிலும் 2013 மார்ச்சிலும் பிபிசி அதன் வழியான பண்பலை ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. 2017 ஏப்ரல் 30ஆம் தேதி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பும் முடிந்தது.

அக்காலத்தில் பலர் அந்தச் செய்திகளைக் கசெற்றில் பதிந்து வைத்தார்கள். உங்கள் வீட்டுப் பெட்டியில் ஒன்று இருந்தால், பூஞ்சணம் பிடிக்குமுன், ஆவணங்களைப் பாதுகாக்கும் நூலகம் நிறுவனத்திடம் சேர்த்துவிடுங்கள்.