காருக்குள் பெய்யும் மழை

போன ஐப்பசியில் அழகர்கோவில் போகலாம் என்று கிளம்பினோம். மகன் ஏசியைப் போட்டதும் ஈரச் சாக்கை முகத்தில் பொத்தினாற்போல ஒரு வாடை. பின் சீட்டில் இருந்த என் மனைவிக்கு ஏற்கனவே இளைப்பு உண்டு. புதூர் தாண்டுவதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணாடிகளை இறக்கிவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தோம். திரும்பும்போது, "இனிமே நான் பஸ்லயே வந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஒரு பெரிய கடையில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். என் ஒரு மாத ஓய்வூதியத்தில் பாதி. இன்னொரு கடையில் வாசனைப் புட்டி ஒன்றைத் தலையில் கட்டினார்கள். இரண்டு முழம் மல்லிகையும் தொங்கவிட்டுப் பார்த்தோம். மல்லிகையும் ஈரச் சாக்கும் கலந்த வாடை அதைவிட மோசம்.

எங்கள் காலத்து வண்டிகளில் இந்த வாடை கிடையாது. அம்பாசடரில் பெட்ரோல் வாடை உண்டு, ரெக்சின் வாடை உண்டு, டிரைவரின் பீடி வாடையும் உண்டு. ஆனால் முன்கதவில் இருந்த அந்த முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிட்டால் காற்று நேராக மார்பில் அடிக்கும். அதற்கும் முன்னால், 1910களின் தொடக்கத்தில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பஸ் விடத் தொடங்கிய நாளில், காற்றுக்குப் பஞ்சமே இருந்திருக்காது. கூடவே புழுதிக்கும்தான்.

அப்படியானால் இந்த வாடை எப்போது வண்டிக்குள் ஏறியது?

கதை அச்சகத்தில் தொடங்குகிறது. 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகம். காற்றில் ஈரம் ஏறினால் காகிதம் உப்பும், ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக உட்காராது. நம் சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஊருக்கு அச்சும் பட்டாசும் வந்து சேர்ந்ததற்கு அங்குள்ள வறண்ட காற்றும் ஒரு காரணம். புரூக்ளினுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர், குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றை ஓட்டி அதிலிருந்த ஈரத்தைத் தண்ணீராக இறக்கினார். அவரைக் கூப்பிட்டது காற்றைக் காயவைக்கத்தான், ஆட்களுக்குக் குளுகுளுவென்று இருக்க அல்ல. இதை நினைவில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கிவிடும்.

காரில் இதை முதலில் கம்பெனியிலேயே பொருத்திக் கொடுத்தது அமெரிக்காவின் பேக்கார்டு, 1939-இல் அறிவித்தது. குளிர்க்குழாய் பின்பக்க டிக்கியில் இருந்தது. அதை அணைக்க சுவிட்ச் கிடையாது. பானட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! இரண்டே வருடத்தில் கைவிட்டார்கள். 1954-இல் நாஷ் கம்பெனி எல்லாவற்றையும் வண்டியின் முன்பக்கத்திலேயே அடக்கியது. குளிர்க்குழாய் இருட்டுப் பெட்டிக்குள் குடிபோனது அப்படித்தான். நம் நாட்டில் மாருதி வந்தது 1983 டிசம்பரில். கார் ஏசி செய்வதற்கென்றே சுப்ரோஸ் நிறுவனம் 1985-இல் பிறந்தது. அதன் பிறகு நாமும் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டோம்.

மதுரை வறண்ட ஊர், இங்கே பூஞ்சை எப்படி வரும் என்று நானும் கேட்டவன்தான். வெளியே வறட்சி இருந்தால் என்ன? குளிர்க்குழாயின் மேல், ஐஸ் மோர் டம்ளரில் வியர்ப்பதுபோல, காற்றின் ஈரம் தண்ணீராகிக்கொண்டே இருக்கும். அது ஒரு சிறு டியூப் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். வண்டியை நிறுத்தியதும் நனைந்த குழாய், இருட்டு, வெக்கை, படிந்த தூசி. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? மறுநாள் விசிறி அந்த வித்துக்களை நேராக நம் மூக்குக்கு அனுப்புகிறது. இளைப்புக்காரர்களுக்கு அது நல்லதல்ல.

காரைக்காலில் நான் பிரெஞ்சில் படித்தவன். இந்த மாதிரி வாடையை அவர்கள் 'ரான்ஃபெர்மே' என்பார்கள். அடைத்து வைத்தது என்று பொருள். வாடையின் பெயரிலேயே காரணமும் இருக்கிறது.

கடைசியில், தகரக் கொட்டகை போட்ட ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் பையன்தான் கேட்டான்: "ஐயா, ஏசி போட்டா கீழ தண்ணி சொட்டுதா?" யோசித்துப் பார்த்தேன். சில மாதங்களாகச் சொட்டவில்லை. ஒழுகல் நின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்! அவன் அடியில் படுத்து டியூபில் காற்றை ஊதினான். கரிசல் சேறு ஒரு கட்டி விழுந்தது. கோடையில் கள்ளிக்குடிப் பக்கம் கல்யாணங்களுக்குப் போய்வந்த புழுதி. பின்னாலேயே ஒரு சொம்புக்குக் குறையாமல் கறுப்புத் தண்ணீர். முன்சீட்டுக் கால்மிதியைத் தூக்கினால் அடியிலும் ஈரம். அதை வெயிலில் போட்டான். கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருந்த பில்டரை எடுத்துக் காட்டினான். வேப்பஞ்சருகு ஒட்டிக் கிடந்தது. புதியது போட்டு, குளிர்க்குழாயில் நுரை மருந்து அடித்துக் கழுவி, கதவுகளைத் திறந்து போட்டுக் காயவைத்தான். பெரிய கடையில் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

அவன் சொன்ன வழிதான் இப்போது எங்கள் வீட்டு வழக்கம். வீடு வந்து சேர ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஏசியை மட்டும் அணைத்துவிட்டு, வெளிக்காற்று வரும்படி வைத்து, விசிறியை முழு வேகத்தில் ஓட விடுவது. நனைந்த குழாய் காய்ந்துவிடும். வண்டியையும் வேப்பமரத்தடியில் விடுவதில்லை.

காளவாசல் சிக்னல் வந்ததும் மகன் பொத்தானை அமுக்குவான். "இன்னும் வீடே வரலை, அதுக்குள்ள அணைச்சாச்சா?" என்று பின் சீட்டிலிருந்து தினமும் குரல் வரும். இருமல் இல்லாத குரல் என்பதால் நான் பதில் சொல்வதில்லை.