குன்றடிவாரத்து இரவுகள்

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்குத் தென்மேற்கே, ஒரு குன்றடிவாரத்தில், நீராட்டுச் சிகிச்சைக்கென்று 1880-இல் எழுப்பப்பட்ட கிரெய்க்லாக்ஹார்ட் மாளிகை, மகாயுத்தத்தின் நடுவில், 1916 அக்டோபரில், போர்முனைகளில் பீரங்கி முழக்கத்தால் சித்தம் கலங்கிய பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு ஆஸ்பத்திரியாயிற்று. பகலில் அங்கே துயரத்தின் சாயல்கூடத் தெரியாது. கோல்ப் ஆடுவதும் சிரித்துப் பேசுவதுமாகவே பொழுது கழியும். விளக்கணைந்த பிறகோ, நீண்ட தாழ்வாரத்தில் ஏதோ ஓர் அறையிலிருந்து எழும் அலறல், அடுத்த அறைக்காரர் அரும்பாடுபட்டு வரவழைத்த அரைத் தூக்கத்தையும் கலைத்துவிடும். 1917-இல் அங்கிருந்த கவிஞர் சீக்பிரிட் சஸூன், அந்தப் பகலையும் இரவையும் இருவேறு உலகங்களாகவே பிற்பாடு வருணித்தார்.

நீலகிரியில் தோடர்களிடையே தங்கி ஆராய்ந்து, 1906-இல் அவர்களைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட அதே டாக்டர் ரிவர்ஸ்தான் சஸூனின் வைத்தியர். ‘நடந்ததை மறந்துவிடு’ என்று உற்றாரும் வைத்தியரும் அன்போடு சொல்லும் புத்திமதியே, பகலெல்லாம் அமுக்கப்பட்ட நினைவை நள்ளிரவில் பயங்கர சொப்பனமாக எழுப்பிவிடுகிறது என்று அவர் கண்டார்.

ஆனால் என் மனத்தை அதிகம் கவர்ந்தவர், அவருடைய சகா ஆர்தர் பிராக். மதுரையையும் தஞ்சையையும் 1915-இல் சுற்றிப் பார்த்து நகரமைப்பு அறிக்கைகள் எழுதிய பாட்ரிக் கெட்டிஸின் சிந்தனையில் ஊறியவர் இவர். மனிதன் தன் ஊரோடும் தொழிலோடும் அயலாரோடும் கொண்ட தொடர்பு அறுந்துபோனதே இந்த வியாதியின் வேர் என்பது அவர் சித்தாந்தம். ஆகவே நோயாளிகளை அறைக்குள் முடங்கவிடாமல் அதிகாலையிலேயே எழுப்பி, வேலைகளில் ஈடுபடுத்தி, அக்கம்பக்கத்து ஜனங்களோடு பழகவும் தூண்டினார். அவரிடம் சிகிச்சை பெற்ற கவிஞர் வில்பிரட் ஓவன் ஆஸ்பத்திரிப் பத்திரிகையான ‘ஹைட்ரா’வுக்கு ஆசிரியரானதும், டைன்காசில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலக்கியம் போதித்ததும் இந்தச் சிகிச்சையின் அங்கங்களே. துர்க்கனவுகள் இன்னும் வருகின்றன, ஆயினும் அவை போர் சாராத சாதாரண வாழ்வின் கனவுகளாக, மோட்டார் விபத்து முதலியவையாக மாறி வருகின்றன என்று அங்கிருந்த மாதங்களில் ஓவன் வீட்டுக்கு எழுதினார். பதுங்குகுழியில் கிடந்த சித்தம், தெருவுக்காவது வந்து சேர்ந்துவிட்டது! நித்திரைக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள பந்தத்துக்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் நான் கண்டதில்லை.

ஆனால் அந்தக் குன்றும் அந்த அயலாரும் அதிகாரிகளுக்கே வாய்த்தன. கிரெய்க்லாக்ஹார்ட்டின் கதவு சாமானியச் சிப்பாய்க்குத் திறக்கவில்லை. 1919-இல் ஆஸ்பத்திரி மூடப்பட்டது.